வயடக்ட்: ‘தொடர்கண் பாலம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் கம்பிரியாவில் உள்ள ஸ்மார்டேல் கில் வயடக்ட் பற்றி ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். வயடக்ட் (viaduct) என்றால் வரிசையாகத் தூண்கள் நிறுத்திப் பள்ளத்தைக் கடக்கும் நீண்ட பாலம்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறேன். 1861இல் கட்டிய கல்வேலை. 14 வளைவுகள், ஓடையிலிருந்து 90 அடி உயரம். வடிவமைத்தவர் தோமஸ் பவுச். 1879இல் புயலில் ரயிலோடு சரிந்த ஸ்கொட்லாந்தின் டே பாலமும் அவருடையதுதான், இது அசையவில்லை! 1962இல் ரயில் பாதையை மூடினார்கள். இப்போது தண்டவாளம் இல்லை, மேலே ஆட்கள் நடக்கிறார்கள்.

‘மேம்பாலம்’ என்று எழுதினால் கொழும்பில் எவருக்கும் தெஹிவளைச் சந்திதான் ஞாபகம் வரும். போன மடலில் யோசனையாக வந்த ‘பள்ளத்தாக்குப் பாலம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே தாவில் கடக்கும் தொங்குபாலத்துக்கும் அது பொருந்திவிடுகிறதே. வயடக்டின் உயிர் அதன் வரிசையில் இருக்கிறது. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, அதனால் வளைவு. ஒவ்வொரு வளைவும் பக்கவாட்டில் உந்தும், அடுத்த வளைவு எதிர்த்து உந்தி ஈடுகட்டும். நடுத்தூண்கள் அவ்வளவு ஒல்லியாக நிற்பது அதனால்தான். மிச்ச உந்தல் இரு கரையிலும் உள்ள கனத்த முட்டுச்சுவர்களுக்குப் போகிறது.

கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருப்பதை ஊர்ச்சனம் ‘பதின்மூன்று கண் பாலம்’ என்கிறது. ஒன்பது வளைவுள்ள நம் தெமோதரைப் பாலத்துக்குச் சிங்களத்தில் ‘அஹஸ் நமயே பாலம’, ஒன்பது வானப் பாலம். கீழே தேயிலைக்குள் நின்று பார்த்தால் வளைவுக்கு வளைவு ஒரு துண்டு வானம் தெரியும். ஆகவே என் முன்மொழிவு: தொடர்கண் பாலம்.

—

தம்பி, கண் என்றால் எனக்கு மதகுதான் முன்னுக்கு வருகிறது. வளைவே இல்லாத கொங்கிரீட் வயடக்டுக்கு என்ன செய்வீர்?

—

அண்ணை, இரண்டு தூணுக்கு இடைப்பட்ட வெளி எதுவும் கண்தான், மேலே வளைவு இருந்தாலென்ன, உத்தரம் இருந்தாலென்ன. மதகுக் குழப்பம் ‘தொடர்’ சேர்ந்ததும் போய்விடும். கல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கல்வளைவுத் தொடர்கண் பாலம்’ என்போம், நீளம்தான், ஒருமுறை எழுதினால் போதும். தண்ணீர் கொண்டுபோகும் பாலமான அக்குவடக்டுக்கு (aqueduct) கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரின் ‘தொட்டிப் பாலம்’ இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

கட்டுரையில் ஸ்மார்டேல் பாலத்துக்குப் போட்ட ‘கைவிடப்பட்ட’ என்ற சொல் மட்டும் உறுத்துகிறது. பழுதுபார்த்து ஆள் நடக்கும் பாலத்தைக் கைவிட்டதாக எப்படிச் சொல்வது? ‘சேவை நின்ற’ என்று போடப் போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அன்று கட்டுரை அச்சுக்குப் போகிறது.