பிர்க்டேலில் ஓபன் கோல்ஃப் பார்க்கப் போகிறேன்: எங்கே உட்காருவது, யாரைப் பார்ப்பது?

குடந்தை_பாத்திரக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மகளும் மருமகனும் லிவர்பூலில் இருக்கிறார்கள். 2026 ஜூலையில் அவர்களுக்குப் பக்கத்து ஊரான சவுத்போர்ட்டில், ராயல் பிர்க்டேல் மைதானத்தில் ஓபன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டி நடக்கிறது. மருமகன் குலுக்கலில் பெயர் கொடுத்து, புதன்கிழமை பயிற்சிக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார். "மாமா, நீங்க வந்தே ஆகணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஆடிப் பிறப்பை ஒட்டிய நேரம், கல்யாண வியாபாரம் இருக்காது, கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். போவதில் சிக்கல் இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். கோல்ஃபில் குறைவாக அடித்தவன் ஜெயிப்பான் என்பது வரைக்கும் தெரியும். சேப்பாக்கத்தில் ஒரு சீட்டில் உட்கார்ந்தால் மொத்த ஆட்டமும் கண்ணுக்கு முன்னால் நடக்கும். இங்கே சீட் நம்பரே கிடையாதாமே? 18 குழி, 156 ஆட்டக்காரர்கள். எங்கே போய் யாரைப் பார்ப்பது? நாள் முழுக்க நடக்க வேண்டுமா? என் இடது முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும். சாப்பாடு சைவம். இன்னொன்று, வெள்ளிக்கிழமை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முயற்சி செய்யட்டுமா, கோப்பை கொடுப்பதைப் பார்க்கலாமே என்று மருமகன் கேட்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை_ரவி:

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோல்ஃப் டிவியில் பார்க்கிற ஆட்டம். நேரில் போனால் அடிக்கிற சத்தம் கேட்கும், பந்து எங்கே போனது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவன் கை தட்டுவான், நாமும் தட்ட வேண்டும். அந்தக் காசுக்கு மகள் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து சுற்றிவிட்டு வரலாம்.

கீழணை_ஓய்வு:

பாத்திரக்கடை சார், முதல் காரியமாக அந்த வெள்ளிக்கிழமை டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் மாற்ற வேண்டாம்.

நான் பொதுப்பணித்துறையில் இருந்தவன். கீழணையில் மதகு, வாய்க்கால் என்று காலம் ஓடி ஓய்வு பெற்றேன். என் மகள் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் குடியிருக்கிறாள். 2023இல் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹாய்லேக்கில் இருக்கிற ராயல் லிவர்பூல் மைதானத்தில் ஓபன் நடந்தது. அதைப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் 156 பேரும் ஆடுவார்கள். இரண்டு நாள் கணக்கையும் கூட்டி, முதல் 70 இடத்துக்குள் வருபவர்களும், 70ஆவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதற்குப் பெயர் கட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 18ஆவது குழி கேலரியில் (பார்வையாளர் மேடையில்) உட்கார்ந்திருந்தால், அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறவன் வந்து கடைசி பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) அடிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கலாம். ஹாய்லேக்கில் கோடு பார்க்கு (மைதானத்துக்கு விதித்த அடிக் கணக்குக்கு) மேல் 3 என்று நின்றது. அப்போது உலகத் தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்லர், 18இல் பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) அடித்துத்தான் அந்தக் கோட்டில் தொற்றிக்கொண்டார். அதற்கு முந்தைய வருஷம் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு பெரிய போட்டியை ஜெயித்த ஜஸ்டின் தாமஸ், வியாழக்கிழமை அதே 18இல் 9 அடித்து, மொத்தம் 82 போட்டு, வெள்ளியோடு ஊருக்குப் போய்விட்டார். பெரிய பெயர், சின்னப் பெயர் என்ற பேச்சே கிடையாது.

ஞாயிறு என்ன நடந்தது? பிரையன் ஹார்மன் அடிக் கணக்கில் 5 முன்னிலையோடு கிளம்பி 6 வித்தியாசத்தில் ஜெயித்தார். அதுவும் கொட்டுகிற மழையில். அன்று போன என் மருமகன் கோப்பையைப் பார்த்தாராம், அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. சில வருஷம் ஞாயிறு நெருக்கமாக முடியும், சில வருஷம் சப்பென்று போகும். வெள்ளிக்கிழமைக் கட் எந்த வருஷமும் பொய்க்காது.

எங்கே உட்காருவது என்று கேட்டீர்கள். ஓபனில் முதல் இரண்டு நாளும் எல்லோரும் முதல் குழியிலிருந்துதான் கிளம்புவார்கள், மூன்று மூன்று பேராக. ஹாய்லேக்கில் காலை 6.35க்கு முதல் பந்து. கடைசிக் கோஷ்டி சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கிளம்பும். ஜூலையில் அங்கே ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் ஆட்டமும் அதுவரைக்கும் ஓடும். இதன் அர்த்தம் என்ன? தேர் பார்க்கப் போனால் வடத்தின் பின்னாலேயே ஓடுகிறோமா? ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டால் தேர் நம் வாசலுக்கு வரும். அப்படி ஒரு குழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 156 பேரும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். முழங்காலுக்கும் நல்லது.

கேலரியில் சீட் நம்பர் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். எழுந்து போனால் இடம் போச்சு. அதனால் பாத்ரூம் வேலையை முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

காலையில் ஒரு பார் 3 குழியை, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழியைத் தேர்ந்தெடுங்கள். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) கொடி வரைக்கும் மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும், ரவி தம்பி சொல்கிற குறை அங்கே கிடையாது. நான் உட்கார்ந்தது ஹாய்லேக்கின் 17ஆவது குழி. வெறும் 136 கெஜம்தான். கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேடு மாதிரித் தூக்கிக் கட்டியிருக்கிறது, நாலு பக்கமும் மணல் பள்ளம். பந்து கிரீனில் விழும்போது "தொப்" என்று ஒரு சத்தம், நம் இடத்துக்கே கேட்கும். ஒரு பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்து நின்றே விட்டது. கூட்டம் கை தட்டத் தொடங்கியது. அப்புறம் அது மெதுவாகத் திரும்பி, யோசித்து யோசித்து உருண்டு, விளிம்பைத் தாண்டி மணலுக்குள் போனது. அடித்தவன் டீயில் நின்றபடியே தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். டிவியில் கிரீன் தட்டையாகத்தான் தெரியும், தம்பி. நேரில் பார்த்தால்தான் வாட்டம் தெரியும். லெவல் கருவி பிடித்து வாய்க்காலுக்கு வாட்டம் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, நான் பாதி நேரம் ஆட்டக்காரனை விட்டுவிட்டுத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரை என்றதும் ஒன்று. இந்த மைதானங்கள் எல்லாம் கடலோர மணல்மேடு. மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கிவிடுகிறது, ஆட்டம் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கிறது. நம் பக்கத்துக் களிமண்ணில் அந்த மழை பெய்திருந்தால் நாற்றுதான் நட முடியும். பிர்க்டேலில் மணல்மேடுகளுக்கு நடுவில் பள்ளத்தாக்கு மாதிரி ஃபேர்வே (டீயிலிருந்து கிரீன் வரை புல் வெட்டிய பாதை) போகிறது. மேட்டில் ஏறி நின்றால் கீழே நடப்பது அழகாகத் தெரியும் என்பதுதான் அந்த மைதானத்தின் பெருமை. நீங்கள் மட்டும் குறுக்கே மணலில் ஏறி இறங்காமல் பாதையோடு சுற்றிப் போங்கள். புது ஷூ வேண்டாம், காலுக்குப் பழகியது போதும்.

மத்தியானம் மூன்று நாலு குழிக்கு ஒரு கோஷ்டியோடு நடந்து பாருங்கள். பெரிய ஆட்டக்காரன் பின்னால் போனால் முதுகுதான் தெரியும். இந்திய ஆட்டக்காரர் யாராவது இருந்தால் அவரோடு போங்கள், கூட்டமே இருக்காது. 2023இல் ஷுபாங்கர் சர்மா 8ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை நான் கயிற்றை ஒட்டி நின்று அவரைப் பார்த்தேன். கேடியோடு (பேக் தூக்கி யோசனை சொல்பவரோடு) பேசுவதுகூடக் காதில் விழுந்தது. ஒரு சூட்சுமம்: அவர்களோடு சேர்ந்து நடக்காதீர்கள். டீயில் அடிக்கும் முன்பே 250, 300 கெஜம் முன்னால் போய், பந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

மார்ஷல் (கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்) இரண்டு கையையும் தூக்கினால் அப்படியே நின்றுவிட வேண்டும், மூச். ஃபோனை சைலண்டில் போடுங்கள், பேசுவதற்குத் தனி இடம் இருக்கிறது. அமெரிக்காவில் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸுக்கு ஃபோனை உள்ளேயே விடமாட்டார்கள், இங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை. "ஃபோர்" (பந்து வருகிறது, ஜாக்கிரதை) என்று யாராவது கத்தினால் மேலே பார்க்காதீர்கள். தலையில் கை வைத்துக் குனிந்துகொள்ளுங்கள்.

நீடா_கேடி:

கீழணை ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் நீடாமங்கலம், சின்ன வயதில் கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள் இருந்த ஜிம்கானா கோல்ஃப் மைதானத்தில் பேக் தூக்கியவன். என் பங்குக்கு ஒன்று: ஆட்டக்காரனைப் பார்க்கிற அளவுக்குக் கேடியையும் பாருங்கள் சார். பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் நோட்டைப் பிரிப்பான், புல்லைக் கிள்ளி மேலே விடுவான், கொடியைப் பார்ப்பான், மரமில்லாத ஊரில் மேகத்தைக்கூடப் பார்ப்பான். பேக்கில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. அதில் ஒன்றை ஆட்டக்காரன் உருவி, திரும்ப வைத்து, வேறொன்றை எடுத்தால் அங்கே ஒரு வாக்குவாதம் நடக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்ப்பதே தனி சுகம்.

பிர்க்டேல் போகிறீர்கள், 13ஆவது ஹோலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 2017இல் அங்கே நடந்த ஓபனின் கடைசி நாள், ஜோர்டன் ஸ்பீத் அந்த ஹோலில் டீயிலிருந்து வலது பக்கம் எங்கேயோ அடித்துவிட்டார். பந்து மேட்டுச் சரிவில், புல்லுக்குள். ஆட முடியாது என்று ஒரு அடி தண்டம் கட்டி, கொடியையும் பந்தையும் சேர்க்கிற கோட்டிலேயே பின்னால் போனார், போனார், பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டார். அங்கே மட்டை கம்பெனி லாரிகள் நின்றிருந்தன. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. கூட ஆடிய மேட் குச்சார் பாவம், காத்துக்கொண்டே இருந்தார். அந்த ஹோலில் ஸ்பீத் ஒரு அடிதான் இழந்தார். அப்புறம் 14இல் பேர்டி, 15இல் ஈகிள் (பாரைவிட இரண்டு அடி குறைவு), 16இல் பேர்டி, 17இல் பேர்டி. 15இல் அந்த நீளமான பட் விழுந்ததும், குழியிலிருந்து பந்தை எடு என்று கேடிக்குக் கை காட்டினார் பாருங்கள், எங்களை மாதிரி ஆட்களுக்கு அது மறக்காது.

புதன்கிழமையைச் சும்மா நினைக்காதீர்கள். ஒரே மணல் பள்ளத்திலிருந்து நாலைந்து பந்து அடிப்பார்கள், கொடியே இல்லாத மூலைக்குப் பட் அடித்துப் பார்ப்பார்கள். நாளைக்கு, நாளன்றைக்கு அங்கேதான் குழி வெட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கேமரா வேலையையும் அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை_செல்வி:

அண்ணா, நான் லிவர்பூல் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். காரில் போக வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லுங்கள். லிவர்பூல் சென்ட்ரலிலிருந்து சவுத்போர்ட் போகும் ரயிலில் ஏறி ஹில்சைட் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பும்போது ஸ்டேஷனில் வரிசை நீளும், அவசரப்படாமல் வாருங்கள்.

சாப்பாட்டுக்கு உள்ளே கடைகள் உண்டு, சைவமும் கிடைக்கும், ஆனால் உருளைக்கிழங்கு வறுவலையே எத்தனை தடவை சாப்பிடுவது? மகளைப் புளியோதரை கிளறித் தரச் சொல்லுங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். என்ன கொண்டுபோகலாம், பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை மட்டும் டிக்கெட்டோடு வரும் விதிகளில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் காலியாக எடுத்துப் போங்கள், உள்ளே இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம்.

ஜூலை வெயில் என்று கும்பகோணத்துக் கணக்கில் வேட்டி சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். காலையில் கடல் காற்று அடித்தால் காது வலிக்கும். ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட், ஒரு குல்லாய். பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள், மூன்று மணிக்குத் திரும்பப் போடுவீர்கள்.

மன்னை_ரவி:

சரி, தோற்றேன். அண்ணே, அந்த லாரி நின்ற இடத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள்.

குடந்தை_பாத்திரக்கடை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருமகனிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமைதான். காலையில் ஒரு பார் 3, மத்தியானம் நடை, சாயங்காலம் 18ஆவது குழி. கீழணை ஐயாவுக்கு இரண்டே கேள்வி. 18க்கு எத்தனை மணிக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும்? மழை வந்தால் குடை பிடிக்கலாமா?

கீழணை_ஓய்வு:

ஐந்து மணிக்குள் ஏறிவிடுங்கள் சார். பெரிய பெயர்கள் எந்தக் கோஷ்டியில், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவார்கள். மூன்று பேர் ஒரு சுற்று முடிக்க நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் 18க்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கேலரி வாசலில் வரிசை நிற்கும். கிரீனுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய ஸ்கோர் போர்டு இருக்கும், அது கண்ணில் படுகிற பக்கமாக உட்காருங்கள். கட் கோடு ஏறுவதும் இறங்குவதும் தெரியாவிட்டால் பாதி ருசி போய்விடும்.

குடை கொண்டுபோகலாம், நடக்கும்போது பிடிக்கலாம். கேலரியில் விரித்தால் பின்னால் இருப்பவர் முதுகில் தட்டுவார். மழைக்கோட்டுதான் சௌகரியம். அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஊர் மழைக்கோட்டு அந்தக் காற்றுக்குத் தாங்காது.