பின்வளவில டெக் அடிக்கப்போறம், செங்கல் சுவரில இறுக்கலாமோ?

ஸ்காபரோ_வாசி:
வணக்கம். இந்த சமருக்கு வீட்டுக்குப் பின்னால 12க்கு 16 அடியில ஒரு டெக், அதுதான் மரத்தளம், அடிக்கலாமெண்டு நானும் மச்சானும் யோசிக்கிறம். பின்கதவு நிலத்தில இருந்து 30 இஞ்சி உயரம், இப்ப ஒரு ஆடுற மரப்படிதான் கிடக்கு, அம்மாவுக்கு முழங்கால் நோ எண்டபடியால் அவ வெளிய இறங்கிறதே இல்லை, கண்ணாடியால பார்த்துக்கொண்டு இருக்கிறா. அதுதான் அவசரம். தெரிஞ்ச ஒருத்தர் சொல்லுறார், செங்கல் சுவரில ஒரு பலகையை போல்ட் போட்டு இறுக்கிப்போட்டு மற்றப்பக்கம் கொங்கிறீற் புளொக் வைச்சாக் காணும், கிடங்கு கிண்டத் தேவையில்லையாம். சரிவருமோ?

மரவேலை_அண்ணை:
தம்பி, ரெண்டும் வேண்டாம். இஞ்ச கன வீடுகளில வெளிச்செங்கல் ஒரு போர்வைதான், பாரத்தைத் தாங்கிறது உள்ளுக்க இருக்கிற மரச்சட்டம். பத்துப்பேர் கூடி நிக்கேக்க அந்தப் பாரத்தைச் செங்கல் தாங்காது. வீட்டைத் தொடாமல் தன்ர தூணில நிக்கிற மாதிரி அடியுங்கோ. பேஸ்மென்ற் சுவரோரம் மண் கிண்டி நிரப்பினது, இளகலா இருக்கும், அதால தூணைக் கொஞ்சம் தள்ளி வைச்சு ஜொயிஸ்ற்றை (பலகையைத் தாங்கிற குறுக்குச் சட்டத்தை) வீட்டுப்பக்கம் நீட்டி விடலாம்.

தூணுக்குக் கிடங்கு 4 அடி ஆழம் கட்டாயம். விண்டருக்கு மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு மண் எழும்பும், அதோட டெக்கும் எழும்பும். நான் முதல் வீட்டில புளொக்கில வைச்சு, மூண்டாவது விண்டர் முடிய ஒரு மூலை ஒண்டரை இஞ்சி தூக்கி, முழுக்கக் கழட்டித் திரும்ப அடிச்சன், அந்தக் காசும் உழைப்பும் இப்பவும் நெஞ்சில கிடக்கு. கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் எண்ட சேவைக்கு அறிவியுங்கோ, காஸ், கரண்ட் லைன் எங்க போகுதெண்டு வந்து அடையாளம் போடுவினம், காசில்லை.

வளவுக்காரி:
அண்ணை சொன்னது சரி. பெர்மிற்றைப் பற்றி நான் சொல்லுறன். டெக் நிலத்தில இருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல போனால் பெர்மிற்றும் வேணும், கைபிடி வேலியும் வேணும். உங்கட 30 இஞ்சி 76 சென்ரிமீற்றர். கதவில இருந்து 7 இஞ்சி இறக்கி அடிச்சால் 23 இஞ்சி, 58 சென்ரிமீற்றர் தான் வரும். வளவு சரிவெண்டால் பள்ளமான பக்கத்தில அளவுங்கோ. விண்டருக்கு ஸ்நோ கதவுக்குள்ள வராததுக்கும் அந்த இறக்கம் நல்லது. எண்டாலும் எல்லைவேலியில இருந்து எவ்வளவு தள்ளி அடிக்கலாமெண்டு சிற்றியில கேளுங்கோ.

மரவேலை_அண்ணை:
பெர்மிற் தேவையில்லாட்டியும், தங்கச்சி சொன்ன 23 இஞ்சி டெக்குக்கும் வேலி போடுங்கோ, வயசான ஆள் இருக்கிற வீடு. வேலி 36 இஞ்சி உயரம், கம்பிக்குக் கம்பி 4 இஞ்சிக்கு மேல விடவேண்டாம், சின்னப்பிள்ளையின்ர தலை போகும். நிலத்துக்கு இறங்கிற 23 இஞ்சியை நாலாப் பிரிச்சால் ஒவ்வொரு இறக்கமும் 6 இஞ்சிக்குள்ள நிக்கும், அம்மாவுக்குச் சுகம். பச்சை மருந்தடிச்ச மரத்துக்குச் சாதாரண ஆணி துருப்பிடிக்கும், டெக் ஸ்குறூ தான் வாங்கவேணும்.

வளவுக்காரி:
இன்னொண்டு, மரம் வாங்க முதல் புல்லில கயிறு கட்டி அளவைப் போட்டு, உங்கட மேசை கதிரையைக் கொண்டுபோய் வைச்சு ஒருநாள் பின்னேரம் இருந்து பாருங்கோ. ஆறுபேர் மேசைக்குக் கதிரை இழுக்க ரெண்டு பக்கமும் 3 அடி வேணும், மேசையோட 9 அடி போயிடும், 12 அடி அகலம் கணக்காத்தான் வரும். படியைக் கதவுக்கு நேர வைக்காதேங்கோ, நடக்கிற பாதை மேசையை வெட்டும்.

ஸ்காபரோ_வாசி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. இண்டைக்குக் கயிறு கட்டிப் பார்த்தம், அம்மா தன்ர கதிரையை மேற்குப் பக்கம் போடச் சொன்னா, அங்கதான் பின்னேர வெயில் விழுதாம். படியைக் கிழக்குப் பக்கம் மாத்திறன். வரைஞ்சுபோட்டு இஞ்ச போடுறன், பார்த்துச் சொல்லுங்கோ.