மஞ்சள் ரோஜா கருஞ்சிவப்பாகப் பூக்கிறது: சொந்த வேரில் வளரும் வகை எது?

கேள்வி:
வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட மஞ்சள் ஹைபிரிட் டீ (நீண்ட காம்பில் பெரிய பூ தரும் கலப்பின வகை) ரோஜாவின் மேற்பகுதி சென்ற ஆண்டு காய்ந்துவிட்டது. அதன்பின் அடியிலிருந்து கிளம்பிய நீண்ட கிளைகள் ஆளுயரத்துக்கு வளைந்து வளர்ந்து, இந்த ஆண்டு ஒரே ஒரு முறை, நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரியும் கருஞ்சிவப்புப் பூக்களைக் கொத்தாகத் தந்தன. பிறகு ஒரு மொட்டுகூட இல்லை. இனி ஒட்டுச்செடியே வேண்டாம் என்று எண்ணுகிறேன். தன் வேரிலேயே செழிக்கும் வகைகள் எவை?

பதில் 1:
உங்கள் மஞ்சள் ரோஜா இறந்துவிட்டது. இப்போது பூப்பது அதைத் தாங்கிய அடிச்செடி, அதாவது வேருக்காக அடியில் வைத்து, மேலே உங்கள் ரோஜாவை ஒட்டிய வேறொரு ரோஜா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், ஒட்டுக்கட்டப் பெரிதும் பயன்படும் ‘டாக்டர் ஹூயி’ என்ற ரோஜாவோடு பொருந்துகின்றன. ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் அடிச்செடியின் கிளை என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். நல்ல ரோஜாக்களிலும் ஏழு வருவதுண்டு. மண்ணை விலக்கி, ஒட்டு முடிச்சுக்கு (இரண்டு செடிகளும் சேரும் புடைப்புக்கு) கீழிருந்து கிளை புறப்படுகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

சொந்த வேரில் நிற்கும் செடி தரைமட்டம் வரை கருகினாலும், வேர் உயிரோடிருந்தால் அதே ரோஜாவாகவே துளிர்க்கும். ‘ஓல்ட் பிளஷ்’, ‘மியூட்டபிலிஸ்’ போன்ற சீன ரோஜாக்கள், 1930-இல் வந்த கொடி ரோஜாவான ‘நியூ டான்’, 1932-இல் வந்த ‘தி ஃபேரி’, 1958-இல் வந்த ‘ஐஸ்பர்க்’, சுருக்கமான இலைகள் கொண்ட ருகோசா வகைகள், மினியேச்சர்கள் (சிறு பூ தரும் குட்டை ரோஜாக்கள்) ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது ‘மியூட்டபிலிஸ்’: இளமஞ்சளாக விரியும் ஒற்றையடுக்குப் பூ, இளஞ்சிவப்பாகி, உதிரும் முன் அடர்சிவப்பாகும்.

பதில் 2:
ஓர் எச்சரிக்கை. ஹைபிரிட் டீ வகைகளில் பல சொந்த வேரில் நோஞ்சானாகவே இருக்கும். குறிப்பிட்ட ஒன்றின் மீது ஆசை என்றால் ஒட்டுச்செடியே மேல். பழைய ஐரோப்பிய ரோஜாக்களான காலிக்கா வகைகள் இதற்கு நேர்மாறு. வேரோடி வெளியே கன்றுவிட்டுப் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். மேலும், சொந்த வேர்ச்செடி தொடக்கத்தில் சிறிதாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
தோண்டிப் பார்த்தேன். காய்ந்த முடிச்சு தனியாக இருக்கிறது. கிளைகள் எல்லாம் அதற்குக் கீழிருந்துதான் வருகின்றன. நண்பரிடம் ‘ஓல்ட் பிளஷ்’ இருக்கிறது. அதிலிருந்து குச்சி எடுத்து நடலாமா?

பதில் 1:
தாராளமாக. பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, இரண்டு கணுக்கள் புதையும்படி மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். ஆனால் இலையில் மஞ்சள் நிற வளைகோடுகள் உள்ள செடியிலிருந்து எடுக்காதீர்கள். அது மொசைக் நச்சுயிரியாக இருந்தால் குச்சியோடு சேர்ந்தே வந்துவிடும். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்த்துவிடாதீர்கள். குச்சியில் மிச்சமுள்ள சத்திலேயே முதல் துளிர் வரக்கூடும்.