குத்தகைக் கார் 118 நாள் பட்டறையில் கிடந்தால் மாதத் தவணையை யார் சுமப்பது?

அல்சூர் ஏரிக்கரை:
நேற்று வேறொருவர் கேட்ட கேள்விக்குக் 'கணக்கன்' என்ற அன்பர் அளித்த விடையைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "குத்தகைக் கார் பழுதானால் நுகர்வோர் ஆணையத்தின் படியேறிப் பயனில்லை, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பெயரில்லாதவர் அந்தக் காருக்கு வெறும் பயணி" என்று அவர் தீர்ப்பே எழுதியிருந்தார். அந்த வெறும் பயணிகளில் நானும் ஒருத்தி. மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்த என் கார், பதினோராம் மாதத்தில், பெங்களூர் சில்க் போர்டு மேம்பாலத்தில் ஏறும்போது கியர் விழாமல் நின்றது. இன்றோடு 118 நாள். கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்கிறது பட்டறை. பட்டறையைக் கேளுங்கள் என்கிறது குத்தகை நிறுவனம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 31,400 ரூபாய் மட்டும் என் கணக்கிலிருந்து ஒரு நாள்கூடப் பிசகாமல் போய்விடுகிறது. கார் நின்ற பிறகு மட்டும் நான்கு தவணை, 1,25,600 ரூபாய். அந்த நான்கு மாதத்தில் நான் அதில் ஓர் அடிகூடப் போகவில்லை என்பதால், கணக்கன் ஐயா அளித்த 'பயணி' என்ற பட்டமும் எனக்குப் பொருந்தாது.

கணக்கன்:
அம்மையீர், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வருத்தம் ஒரு சட்டப்பிரிவு ஆகாது. குத்தகை நிதித் துறையில் இருபத்தேழு ஆண்டு இருந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது? குத்தகை நிறுவனத்தின் பெயர்தான் என்றால், பழுதடைந்தது அவர்களுடைய பொருள். பிறர் பொருள் பழுதாயிற்று என்று நீங்கள் வழக்குத் தொடுப்பது, அடுத்த வீட்டுப் பசு பால் கறக்கவில்லை என்று நீங்கள் கால்நடை மருத்துவரிடம் சண்டைக்குப் போவதைப் போன்றது.

அல்சூர் ஏரிக்கரை:
அடுத்த வீட்டுப் பசுவுக்கு மாதம் 31,400 ரூபாய் நான் கொடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரரிடமும் சண்டைக்குப் போவேன்.

சாந்தி நகர் கறுப்பங்கி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7)-ஆம் பிரிவைக் கணக்கன் ஒருமுறை படித்துவிட்டு வந்தால் இந்த விவாதம் பாதியாகக் குறையும். பொருளை விலைக்கு வாங்கியவர் மட்டுமல்லாமல், அவருடைய இசைவோடு அதைப் பயன்படுத்துபவரும், கட்டணம் செலுத்திச் சேவையைப் பெறுபவரும் நுகர்வோரே. 'உரிமையாளர்' என்ற தகுதியை அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. மேலும், ஆணையத்தின் கட்டணம் செலுத்திய தொகையைப் பொறுத்தது. இவர் இதுவரை கட்டியது 15 தவணை, அதாவது 4,71,000 ரூபாய்தான் என்றால், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருக்கிறது என்று கவலைப்படவும் வேண்டாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு.

கணக்கன்:
வழக்கறிஞர் இவ்வளவு எழுதியும் என் கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பதை அனைவரும் கவனிக்க வேண்டுகிறேன். ஆர்.சி.யில் யார் பெயர்? தவிர, 2006-இல் மாருதி நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போன வழக்கில், பழுதான பாகத்தை உத்தரவாதத்தின் கீழ் மாற்றிக் கொடுத்தால் போதும், கார் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாகம் வரும், மாற்றுவார்கள், கார் ஓடும். அதுவரை காத்திருப்பதுதான் முறை.

அல்சூர் ஏரிக்கரை:
புதுக் காரை நான் எங்கே கேட்டேன்? ஓடாத காருக்கு வாங்கிய தவணையைத் திருப்பித் தாருங்கள், அல்லது பழுது நீங்கும் வரை மாற்று வண்டி ஒன்று தாருங்கள் என்றுதானே கேட்கிறேன். இருக்கட்டும், ஆர்.சி. புராணத்தை நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிந்ததால் நேற்று மாலை மோட்டார் வாகனச் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(30)-ஆம் பிரிவு, வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவர் உரிமையாளர் என்று தொடங்கிவிட்டு, வண்டி குத்தகை ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த ஒப்பந்தத்தின்படி அதைக் கைவசம் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று முடிகிறது. இருபத்தேழு ஆண்டில் அந்தப் பிரிவின் பின்பாதி உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கணக்கன்:
கண்ணில் பட்டது, அம்மையீர். நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பட்டது. 'கைவசம் வைத்திருப்பவர்' என்றுதானே இருக்கிறது? 118 நாளாகக் காரைக் கைவசம் வைத்திருப்பவர் யார்? பட்டறைக்காரர். அப்படியானால் உங்கள் வாதப்படி உரிமையாளர் அவர்தான். சென்ற ஆண்டு அடுக்ககத்து மின்தூக்கிப் பராமரிப்புக் கட்டணம் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரு விதியின் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். அப்போதும் நான் பொறுமையாகவே எடுத்துரைத்தேன்.

அல்சூர் ஏரிக்கரை:
மின்தூக்கி விவாதத்தில் கடைசியில் சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கணக்கன்:
அது நல்லெண்ண அடிப்படையில் கொடுத்தது. உரிமையின் அடிப்படையில் அன்று. சரி, சட்டத்தை விட்டுவிடுவோம், தமிழுக்கு வருவோம். குத்தகை என்றால் என்ன? விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்டால் அது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவை அளந்துவிட வேண்டும் என்றால் அது குத்தகை. எங்கள் பாட்டனார் காலத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் குத்தகை நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை நிற்காது என்ற விதி கட்டாயம் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது குத்தகை, வாரம் அன்று.

காக்ஸ் டவுன் தமிழ்:
நெல் அளந்தவர்களின் கதையை அளந்தவர்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். நம் ஊர்ப் பேச்சு வழக்கையும் பார்க்க வேண்டும். பெங்களூரில் 'லீசுக்கு வீடு' என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருப்பது. தமிழில் அதற்குப் போக்கியம் என்றும் ஒத்தி என்றும் பெயர். ஆகவே மாதாமாதம் பணம் கட்டி ஓட்டும் காரைக் குத்தகை என்று சொல்வதே தவறு. அது வாடகைக் கார்.

கணக்கன்:
வாடகைக் காருக்கு மஞ்சள் பலகை இருக்கும். தானே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அம்மையாரின் காருக்கு வெள்ளைப் பலகை. போக்கியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் பலகையைப் பார்க்கட்டும். அந்தப் பலகையில் உள்ள எண்ணுக்கு ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அல்சூர் ஏரிக்கரை:
பாட்டனார் காலத்து வயலுக்கே வருகிறேன். வயல் பொய்த்தது மழை இல்லாததால். மழை நிலக்கிழாரின் கையில் இல்லை. இங்கே நான் எடுத்தது வயல் அன்று, உழவு மாடு. மாடு நொண்டி என்று உழத் தொடங்கிய பிறகு தெரிந்தால், மாட்டைக் கொடுத்தவர் 'எனக்கும் தெரியாது' என்று கைவிரிக்க முடியுமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு இதற்கு நேராகவே விடை சொல்கிறது. கட்டணத்துக்குக் கொடுக்கப்பட்ட பொருளில் குறை இருந்து, அதனால் எடுத்தவருக்கு இழப்பு நேர்ந்தால், அந்தக் குறை கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு அவருடையதே. அந்தப் பிரிவின் கீழ்த் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டே வாடகைக்கு எடுத்த ஒரு வண்டியைப் பற்றியதுதான்.

கணக்கன்:
1872-இல் இருந்தது குதிரை வண்டி. குதிரை வண்டிக்கு ஆர்.சி. கிடையாது. மேலும் அந்த எடுத்துக்காட்டில் வண்டியை எடுத்தவர் காயம் அடைகிறார். உங்களுக்குக் காயம் ஏதும் பட்டதா?

ஓசூர் சாலை ஓட்டுநர்:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் குத்தகைக் காரைத்தான் டாக்சியாக ஓட்டுகிறேன். பேட்டரி பழுதாகி இரண்டு மாதம் நின்றது. தினக் குத்தகையை மட்டும் என் பாக்கித் தொகையில் ஏற்றிக்கொண்டே போனார்கள். நீ தொழில் செய்பவன், உனக்கு நுகர்வோர் ஆணையம் கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது உண்மையா?

கணக்கன்:
முற்றிலும் உண்மை, தம்பி. வணிக நோக்கம் என்று வந்துவிட்டால் அந்தச் சட்டத்தில் இடமில்லை. உன் ஆர்.சி.யிலும் உன் பெயர் இருக்காது.

சாந்தி நகர் கறுப்பங்கி:
முற்றிலும் தவறு. தம் பிழைப்புக்காகவே, சுயதொழிலாகப் பயன்படுத்துபவர் வணிக நோக்கம் உடையவர் ஆகமாட்டார் என்று அதே 2(7)-இன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், டாக்சியைத் தானே ஓட்டிப் பிழைப்பவரையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்கியிருக்கிறது. எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. நிறுவனம் என்பதால் தமிழர்களுக்கு நினைவில் நிற்க வேண்டிய வழக்கு. ஓட்டுநர் நண்பர் 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யட்டும். அம்மையாருக்கும் ஓர் எச்சரிக்கை. 'ஓடாவிட்டாலும் தவணை நிற்காது' என்ற விதியையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்க விரும்பினால், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்று மட்டும் கேட்டால் மாவட்ட ஆணையமே போதும். சச்சரவை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பாய விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அஞ்ச வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018-இலேயே உறுதியாகிவிட்டது.

கணக்கன்:
மாவட்டமா மாநிலமா என்று வழக்கறிஞருக்கே இரண்டு மனம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் வழக்குகள் எத்தனை ஆண்டு இழுக்கின்றன என்று சாந்தி நகர் நுகர்வோர் ஆணையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். நான் ஐந்தாம் முறையாகக் கேட்கிறேன். ஐந்து முறையும் பேச்சை மாற்றியிருக்கிறீர்கள். மாடு, வயல், போக்கியம், குதிரை வண்டி எல்லாம் வந்துவிட்டன, ஆர்.சி. மட்டும் வரவில்லை. அதன் படியை இங்கே ஒட்டுங்கள், பிறகு பேசலாம்.

அல்சூர் ஏரிக்கரை:
ஆர்.சி. காருக்குள் இருக்கிறது. கார் 118 நாளாகப் பட்டறைக்குள் இருக்கிறது.

கணக்கன்:
டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளலாமே. இரண்டு நிமிட வேலை.

அல்சூர் ஏரிக்கரை:
பதிவில் உள்ள பெயரும் என் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அது எனக்குக் கிடைக்கும், ஐயா.

கணக்கன்:
இதைத்தான் முதல் பதிவிலேயே கேட்டேன். ஆக, உங்கள் பெயரில் இல்லை என்று இப்போதாவது வாய் திறந்தீர்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
உங்களுக்கு 2(30)-இன் பின்பாதியை மீண்டும் ஒருமுறை முழுவதுமாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். காத்திருங்கள்.