ஹாஸ்டலில் ஜெப நேரம்: கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டை, ஊசிக் கோபுரம் கோயில் சபை. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் ஆராதனை) எல்லாம் அங்கேதான். இப்போது கோவையில் பொறியியல் முதல் வருடம்.

வீட்டில் இரவு ஒன்பதுக்கு அம்மா குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடுவார்கள். தூங்கி வழிந்தாவது உட்காருவேன். இங்கே கூப்பிட ஆளில்லை. அறையில் நான்கு பேர். பசங்க நல்லவர்கள், யாரும் கேலி செய்வதில்லை. முழங்காலில் நிற்க எனக்குத்தான் கூச்சம். போர்வைக்குள் ஜெபித்தால் ஆமென் வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.

ஆராதனைக்குப் போய் நான்கு வாரம் ஆகிறது. ரேஸ் கோர்ஸ் ஆல் சோல்ஸ் ஆலயத்துக்கு ஒருமுறை போனேன். நான் போன நேரம் ஆங்கில ஆராதனை. எனக்குக் கீர்த்தனை தமிழில் பாடினால்தான் மனசு ஒட்டும்.

காந்திபுரம் பக்கம், மெஸ் சாப்பாட்டுக்குள் திரும்புகிற மாதிரி தமிழ் ஆராதனை எங்கே? யூ.இ.எஸ்.ஐ. மாணவர் ஜெபக்குழுவில் இருந்தவர்கள், அதில் எப்படிச் சேர்ந்தீர்கள்?

அப்புறம், தினம் ஒரு சங்கீதம் படிக்கலாம் என்று நினைக்கிறேன். 119-ல் 176 வசனம். அங்கே நின்றுவிடுவேனோ என்று பயம். 16 அதிகாரம் உள்ள மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவது மேலா?