சுகர் வந்த பிறகு சாப்பாடு: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கரூர் மாப்பிள்ளை:
இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.4 சதவீதம் என்று வந்த வாரத்திலேயே மாமியார் வீட்டில் விருந்து. விஷயம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் இலையில் சோறு. எனக்கு மட்டும் தட்டில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும். "மாப்பிள்ளைக்குச் சோறு ஆகாதாமே" என்று அத்தை அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்து, சுடச்சுட ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். இலையென்றால் மூடிவிடலாம், தட்டை எப்படி மூடுவது? ஐந்தாவதோடு எழுந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மொட்டைமாடிக்குப் போய் விரலைக் குத்திப் பார்த்தால் 261. கீழே இறங்கியதும், "இப்போது குறைந்திருக்குமே?" என்று ஆசையாகக் கேட்டார்கள். தலையாட்டிவிட்டேன். இன்றைக்கும் அங்கே போனால் எனக்குச் சப்பாத்திதான்.

வங்கி ஓய்வு:
கரூர் நண்பரே, பழி சப்பாத்தி மேல் இல்லை, ஐந்தின் மேல். போதாததற்கு உருளைக்கிழங்கு வேறு.

என் கதை சின்னது. சோற்றை நிறுத்திவிட்டுக் காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடித்து வந்தேன். அடுத்த பரிசோதனையில் எண் ஏறியிருந்தது. அறிக்கையைப் பார்த்த மருத்துவர், "கஞ்சியா, களியா?" என்று மட்டும் கேட்டார். நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் குடித்தால் சட்டென்று இரத்தத்தில் ஏறிவிடுமாம்.

இங்கே பலரும் அரிசியைத் திட்டிவிட்டுக் கோதுமைக்கும் கம்புக்கும் தாவுவதைப் பார்க்கிறேன். ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற, நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் குழு 2025-இல் வெளியிட்ட கட்டுரையைப் படியுங்கள். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதன் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறார்கள். மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, தயிர், மோர் என்று புரதத்தை வைத்தால்தான் பலன். ஆகவே முதலில் பொரியலையும் சுண்டலையும் சாப்பிடுங்கள், சோறு கடைசியில் வரட்டும். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். பழத்தைச் சாறாக்காதீர்கள். முடிந்தால் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுங்கள், நான் விட்டுவிட்டேன்.

தாம்பரம் ரயில்:
ஆய்வெல்லாம் இருக்கட்டும் ஐயா, டீக்கடையில் நின்று பாருங்கள். சீனி வேண்டாம் என்று சொல்வதற்குள் மாஸ்டர் கிளாஸில் போட்டுவிட்டார். கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததைக் கண்டுகொள்ளாமல் அதே கிளாஸில் டிகாக்‌ஷனை ஊற்றினார். வேறு கிளாஸ் கேட்டேன். "சுகரா அண்ணே?" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி. அவ்வளவுதான். பெஞ்சில் இருந்தவர் ஆவாரம்பூ என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வெந்தயம் என்றார். பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றிக்கொண்டிருந்தவர், "கருப்பட்டி போட்டுக் குடியுங்கள், ஒன்றும் செய்யாது" என்றார். கருப்பட்டியில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ரயில் வந்துவிட்டது. இப்போது நடைமேடையின் மறுகோடியில் உள்ள கடைக்குப் போகிறேன். டீ சுமார்தான். ஆனால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

செங்கல்பட்டு டீச்சர்:
வங்கி ஓய்வு சார், இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னீர்களே, யாருக்குச் சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளாமல் ஒரு வேளை விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

மாத்திரை போட்டாயிற்று, டிபன் பள்ளியில் சாப்பிடலாம் என்று பஸ் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டியதும் வண்டிகள் நகரவில்லை. முதலில் கை நடுங்கியது, பிறகு முதுகெல்லாம் வியர்வை, கண்டக்டர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருந்தது. டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண், தன் மகன் உறிஞ்சிக்கொண்டிருந்த மாம்பழச் சாறு பாக்கெட்டைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். அதே ஸ்ட்ராவில் முழுவதையும் குடித்தேன். அந்தப் பையன் அழவில்லை, பாக்கெட் சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தெளிந்ததும் பர்ஸைத் திறந்தேன், அந்தப் பெண் பணம் வாங்க மறுத்துவிட்டாள். அந்தப் பையனுக்கு நான் ஒன்று பாக்கி.

இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. கைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

வங்கி ஓய்வு:
டீச்சர், "முடிந்தால்" என்றுதானே எழுதினேன்?

திருவையாறு மகள்:
அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். மருத்துவமனையில் அச்சடித்த உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். ஓட்ஸ், கொழுப்பு நீக்கிய பால், ஆப்பிள், பிராக்கோலி. நான் படிக்கப் படிக்க அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பிராக்கோலி வந்ததும், "அது மாத்திரையா, சாப்பாடா?" என்றார். செவிலியருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. விடியற்காலையில் பழைய சோறு குடித்துவிட்டு மதியம் வரை குனிந்து நிற்கிற உடம்புக்கு இந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

நாங்களாக ஒரு வழி பார்த்தோம். பழைய சோறு இரண்டு கரண்டி, மீதிக்கு மோர். தொட்டுக்கொள்ள வடுமாங்காய்க்குப் பதில் அவித்த மொச்சையோ தட்டைப்பயறோ. இரவில் சோற்றைவிடக் கீரை அதிகம். அடுத்த முறை எண் இறங்கியிருந்தது. மருத்துவர், "பட்டியல்படிதானே சாப்பிடுகிறீர்கள்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமாம் சார், அந்த பிராக்கோலிதான்" என்று சொல்லிவிட்டார். அவரும் பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.