ஹோண்டா சி70: சூடானதும் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி:
வணக்கம். அப்பா தோட்டத்தில் ஓட்டிய சி70 கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), பழைய 6 வோல்ட் மாடல். அவர் காலமான பிறகு பல வருடம் கொட்டகையிலேயே கிடந்தது. இப்போது ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர முயல்கிறேன். இன்ஜின் எண்ணெய் மாற்றி, டாங்கியில் இருந்த துருவைக் கழுவி, கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைச் சுத்தம் செய்துவிட்டேன். பிளக் புதிது. உதைத்ததும் பிடிக்கிறது, சத்தமும் அருமை. ஆனால் கொஞ்ச நேரத்தில், சூடேறியதும், சாவியைத் திருப்பியது போல் அணைந்துவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி பிடிக்கும். கடையில் புது இன்ஜின் போடச் சொல்கிறார்கள். அப்பா ஓட்டிய இன்ஜினை மாற்ற எனக்கு மனமில்லை.

தைப்பிங்கிலிருந்து:
இன்ஜினை மாற்றாதீர்கள் தம்பி. கிரானில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், உள்ள இன்ஜின் எண் மாறினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வரை அலைய வேண்டும். முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். நின்ற உடனே சீட்டைத் தூக்கி டாங்கி மூடியைத் திறங்கள். காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே பிடித்துக்கொண்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கோலகங்சாரிலிருந்து:
வண்டி கிடந்த கொட்டகையில் வேறு என்ன வைத்திருந்தீர்கள்?

சுங்கை சிப்புட்:
மூடியைத் திறந்து பார்த்தேன் அண்ணே, மாற்றமில்லை. கொட்டகையில் ரப்பர் சீட் அடிக்கும் மெஷினும், ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் தோம்புகளும் (பீப்பாய்களும்) இருந்தன.

கோலகங்சார்:
அப்படியென்றால் எனக்கு மின்சாரப் பக்கம்தான் சந்தேகம். அது பார்மிக் ஆசிட். அதன் ஆவி இரும்பையும் செம்பையும் மெல்ல அரிக்கும். வெளியே குரோம் புள்ளி விழுந்தது தெரியும், உள்ளே கம்பி முனைகள் பச்சை பூத்திருப்பது தெரியாது.

இந்த மாடலில் பிளக்கில் அடிக்கும் பொறிக்கான மின்சாரம், இன்ஜின் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் ஃப்ளைவீல் மேக்னட்டோவிலிருந்து வருகிறது, பேட்டரியிலிருந்து அல்ல. அதனால் பேட்டரிக்குக் காசு செலவழித்தால் இந்தக் கோளாறு தீராது. சாவியை அணைத்தால் பொறிக்கான மின்சாரம் பாடிக்கு எர்த் ஆகிவிடும், அவ்வளவுதான். சுவிட்ச் உள்ளே அரித்திருந்தால் சாவி போட்டிருக்கும்போதே எர்த் ஆகலாம். சுவிட்சுக்குப் போகும், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது சாவியால் அணைக்க முடியாது, சோக்கை இழுத்து அணையுங்கள்.

அதற்கும் நின்றால், நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதையுங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியாது. பொறி நீலமாகப் பட்டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் கோளாறு கண்டன்சரில் (பாயின்ட்டோடு இணைந்த சின்ன மின்தேக்கி) அல்லது காயிலில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்). சூட்டில் செத்து ஆறியதும் உயிர் வருவது கண்டன்சரில் அடிக்கடி காணும் குணம், அதை முதலில் மாற்றுங்கள். பாயின்ட்டை (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்) மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வையுங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டுகூடத் தட்டக் கூடாது, கிராங்க் கெட்டுவிடும்.

சுங்கை சிப்புட்:
அண்ணே, மிக்க நன்றி! கம்பியைக் கழற்றியும் நின்றது. உடனே பார்த்ததில் பொறி மஞ்சள்தான். ஈப்போவில் கண்டன்சர் கிடைத்தது. கம்பி முனைகள் நீங்கள் சொன்னபடியே பச்சை பூத்திருந்தன, வெட்டிப் புதிதாகச் சால்டர் வைத்தேன். இப்போது நன்றாகச் சூடேறியும் நிற்காமல் ஓடுகிறது. அம்மா வாசலுக்கு வந்து சத்தத்தைக் கேட்டு, "அப்பா வண்டிதான்" என்றார். இனி ரோட் டேக்ஸ்தான் பாக்கி.

தைப்பிங்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. கிரான் இன்னும் அப்பா பெயரில் இருந்தால் ரோட் டேக்ஸுக்கு முன் பெயர் மாற்றத்தைப் பாருங்கள். வாரிசு விவரத்தை, இறந்தவர் சொத்துகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயாவில் கேட்கலாம்.

அப்புறம், சாலையில் இறக்கும் முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். நான்கு இலக்கத்துக்குப் பதில் மூன்று இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். டயர் பூ (மேல் வரிப்பள்ளங்கள்) தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், டியூபோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரேக் ஷூவையும் திறந்து பாருங்கள். பல வருடம் கிடந்த வண்டியில் ஒட்டு விட்டு லைனிங் தனியாகக் கழன்று சக்கரத்தை இறுக்கிவிடும்.

சுங்கை சிப்புட்:
சரி அண்ணே, இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுப்பேன்.